‘ஒருவேளை’ சொல்லப் பழகின கதை

தொண்ணூறுகளின் கடைசியில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன டிராவல்ஸில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கார் ஏற்பாடு செய்து கொடுக்கும் இடம். என் கணவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்திருந்தார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குப் பிறகு எழுந்து நடப்பாரா என்பது டாக்டருக்கே நிச்சயமில்லை. வீட்டில் நாங்கள் இருவரும் மாமியாரும்தான். நடக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்ற கேள்வி மூன்று பேர் மனத்திலும் இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் தெருவில் அப்படித்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்கு வந்து, கோட்டைக்கு அருகே குடியேறிய அக்ரஹாரத்துக் குடும்பங்கள். பேச்சில் பாதி மலையாளம் கலந்தாலும் பயங்கள் பழையபடியே இருந்தன. கூரைக்கு மேலே ததாஸ்து தேவதைகள் சதா போய்க்கொண்டிருக்கும், நாம் எதைச் சொன்னாலும் ‘அப்படியே ஆகட்டும்’ என்று சொல்லிவிட்டுப் போகும் என்பார்கள். அதனால் அரிசி தீர்ந்தால்கூடத் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம், ‘நிறைஞ்சிருக்கு’ என்போம். பஸ் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாலே, “அச்சானியமா பேசாதே” என்று மாமியார் அடக்கிவிடுவார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பி.ஏ.வில் அதுதான் பாடம். முதல் வாரத்திலேயே குட்டு வெளிப்பட்டது. நான் படித்த இங்கிலீஷில் பயணங்கள் ‘கேன்சல்’ ஆகும், ‘போஸ்ட்போன்’ ஆகும். போனில் வந்தவர்களோ ‘கால் ஆஃப்’ செய்தார்கள், ‘புட் ஆஃப்’ செய்தார்கள். கார் ‘பிரேக் டவுன்’ ஆனால், பெட்ரோல் ‘ரன் அவுட்’ ஆனால், டிரைவர் ‘டர்ன் அப்’ ஆகாவிட்டால் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கால், புட், ரன் எல்லாம் சின்ன வகுப்பிலேயே படித்தவைதான். பின்னால் அப், ஆஃப், அவுட் என்று ஒரு துணுக்கு வந்து ஒட்டிக்கொண்டதும் அடையாளமே தெரியாது.

பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தேன். ஒரு நாள் மொத்தமாகப் படித்துப் பார்த்தபோது திக்கென்றது. ‘இஃப்’ என்று தொடங்கிய வாக்கியங்களில் முக்கால்வாசியில் ஏதாவது ஒரு கெட்டது இருந்தது. இந்த மனிதர்கள் காப்பி குடித்துக்கொண்டே இவ்வளவு அபசகுனம் பேசுவார்களா என்று தோன்றியது. எனக்கு எழுத வந்தது, வாயால் சொல்ல வரவில்லை. எவராவது இஃப் என்று ஆரம்பித்தால், “நத்திங் வில் ஹாப்பன், சார்” என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று ஐப்பசி மாதத்தில்தான் தெரிந்தது.

இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி பொன்முடி மலைக்குக் கார் கேட்டார்கள். மலைக்குப் போய்வந்த மறுநாள் விடியற்காலை அவர்களுக்கு விமானம். மழை பெய்து வழி அடைபட்டால் உங்களிடம் வேறு ஏற்பாடு உண்டா என்று அந்தப் பெரியவர் முந்தின நாளே போனில் கேட்டார். ஐப்பசி மழை மத்தியானத்துக்கு மேல் கொட்டும் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். நான் வழக்கம்போல நத்திங் வில் ஹாப்பன் என்றேன். அவர் நம்பிவிட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, மலையடிவாரத்தில் கல்லாற்றில் ஒரு கடையிலிருந்து அந்தப் பெரியவர் போன் செய்தார். ஆற்றில் வெள்ளம் வந்து சாலைக்கு மேலே தண்ணீர் போகிறது, கார் இந்தப் பக்கம் வர முடியாது என்றார். வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டேன். அவர் திட்டவில்லை. கடைக்காரரிடம் காகிதம் வாங்கியிருப்பதாகச் சொல்லி, என்னையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

“ரைட். இஃப் த வாட்டர் கோஸ் டவுன், வீ செட் ஆஃப். இஃப் இட் டஸன்ட், வீ புட் அப் ஹியர்.”

தண்ணீர் வடிந்தால் கிளம்புவது, வடியாவிட்டால் அங்கேயே தங்குவது. தங்க நேர்ந்தால் விமானத்தைத் தள்ளிப்போட வேண்டும், அதற்கு யாரிடம் பேசுவது? தங்கவும் இடம் கிடைக்காவிட்டால்? ஒவ்வொரு கெட்டதையும் அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல, அதற்கு நேரே நான் ஒரு வேலையை எழுதினேன். டிக்கெட் ஆபீஸுக்கு போன் செய்தேன். கடைக்காரர் தன் அண்ணன் வீட்டில் ஓர் அறை தருவதாகச் சொன்னார். தண்ணீருக்கு இந்தப் பக்கம் காத்திருக்க இன்னொரு காரையும் அனுப்பினேன். நாலரை மணிக்குள் என் பயம் விட்டிருந்தது. எல்லாக் கெட்டதையும் வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது, ஒரு தேவதையும் வரவில்லை.

ஆறு மணிக்குள் வெள்ளம் வடிந்தது. அவர்கள் வந்துசேர்ந்து விமானத்தையும் பிடித்துவிட்டார்கள். காலையில் முதலாளி கூப்பிட்டு, முன்கூட்டியே ஏன் எந்த ஏற்பாடும் செய்யவில்லை என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பழக்கத்தை உள்ளபடியே சொன்னேன். சிரிக்காமல் கேட்டார்.

“வீட்டில் பறயண்டா. இவிடெ பறயணம்” என்றார். வீட்டில் சொல்லாதே, இங்கே சொல்லியாக வேண்டும். அவ்வளவுதான், வேலை தப்பியது. அந்த மனிதருக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன், அவர் சொன்னதில் பாதியை அன்றைக்கே மீறினேன் என்றாலும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கட்டிலில் போய் உட்கார்ந்தேன். மாமியார் காப்பி கலந்துகொண்டிருந்தார்.

“இங்க பாருங்கோ. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒருவேளை நடக்க முடியலைன்னா நாம என்ன பண்றது?”

சமையலறையில் டம்ளர் சத்தம் நின்றது. “என்ன பேச்சு இது, அச்சானியமா” என்று மாமியார் அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

“இருக்கட்டும்மா, அவ பறையட்டும்” என்றார் கணவர். என்னைப் பார்த்துத்தான் பேசினார். “இத யாராவது கேப்பாளான்னு ஆறு வாரமா காத்துண்டிருக்கேன். முடியலைன்னா, மாடிப் படி இல்லாத வீடா பாக்கணும். நீ இந்த வேலைய விடப்படாது. நான் ஆத்துலேந்தே டியூஷன் எடுக்கறேன், கணக்கு சொல்லிக் கொடுக்கக் காலு வேண்டாம். அப்புறம் ஒண்ணு. அழணும்னா இங்க வந்து அழு. கொல்லையில போய்க் குழாயத் தொறந்து விட்டுண்டு அழறது எனக்குக் கேக்கறது.”

அழுதேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறு வாரத்து அழுகையை மொத்தமாக அழுதேன். அவர் அத்தனையும் யோசித்து வைத்திருந்தார், கேட்கத்தான் ஆளில்லை. பிற்பாடு ஆபரேஷன் பாதிதான் பலித்தது. கைத்தடியோடு நடக்கிறார், தரைத்தள வீட்டில் இருக்கிறோம். அன்று பேசியிருக்காவிட்டால் அந்தப் பாதியை நாங்கள் எப்படித் தாங்கியிருப்போமோ தெரியாது. கல்லாற்றில் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்று எனக்காக ஒவ்வொரு இஃப்பாகச் சொன்ன அந்தப் பெரியவரை நினைக்காத நாள் குறைவு.

அன்று மாமியார் எங்களைத் திட்டவில்லை. காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“நான் பறையறேன்னு தப்பா எடுத்துக்காதே. இவன் இப்படியே இருந்து, நானும் போயிட்டா, நீ இவன விட்டுட்டுப் போயிட மாட்டியே?”

“மாட்டேம்மா” என்றேன். இத்தனை நாள் ஒரே சமையலறையில் என்னோடு நின்றுகொண்டு, இதைத்தான் அவர் கேட்காமல் இருந்திருக்கிறார்.