கத்தரீனாளின் நாற்காலி

ஆனைக்கல்மேட்டு ஏலத்தோட்டத்தில் கத்தரீனாளுக்கு வாய் நீளம் என்பார்கள். சுத்தப் பொய். வாய் அளவாகத்தான் இருந்தது. அதை மூடி வைக்கத்தான் அவளுக்குத் தெரியாது. எழுபத்து நான்காம் வருஷம் பள்ளிக்கூடக் கமிட்டிக்குத் தமிழ்ப் பெற்றோர் சார்பில் அவளைத் தேர்ந்தெடுத்ததும் அந்த வாய்க்காகத்தான்.

அங்கே படித்த பிள்ளைகளில் முக்கால்வாசி தமிழ்ப் பிள்ளைகள். தமிழ் வாத்தியார் மட்டும் இல்லை. இரண்டு வருஷமாக இல்லை. தமிழ்ப் பீரியடு வந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கப்பக்கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கிழங்கு தொடைப் பருமன் விளைந்தது. மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட அவள் மகள் இன்பமேரிக்குத் தன் பேரை எழுத வரவில்லை. கத்தரீனாளுக்கும் எழுத்து தெரியாது. "இந்தக் கைநாட்டு என்னோட போகட்டும் சாமி" என்று அவள் பொருமாத நாளில்லை.

முதல் கூட்டத்துக்குப் போனால் மலையாளி ஹெட்மாஸ்டர் நாற்காலிகளைக் காட்டிக் கையை விரித்தார். "கசேர ஏழுதான் உள்ளு, கத்தரீனா. ஏழிலும் ஆள் உண்டு. கசேர இல்லாதவங்களுக்கு ஓட்டு இல்ல. பண்டு முதலே அதாக்கும் வழக்கம். நீ வராந்தாவுல நின்னு கேட்டுக்கோ."

வழக்கமாம்! கட்டையில போற வழக்கம்!

அடுத்த மாதம், வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினாள். கல்யாணச் சீரோடு கம்பத்திலிருந்து வந்த நாற்காலி அது. அவள் புருஷன் சுவக்கீன் இந்த உலகத்தில் அனுபவித்த ஒரே ராஜபோகம் அதில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான்.

"ஏட்டி, நான் எதுலட்டி உக்காந்து திங்க?"

"தரையில உக்காருங்க. பூமி ஒண்ணும் கோவிச்சுக்கிடாது."

ஏழு பேருக்கு நடுவில் எட்டாவதாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தமிழ் வாத்தியார் கேட்டு மேலதிகாரிக்குத் தீர்மானம் போடச் சொன்னாள். ஓட்டெடுத்தார்கள். வேண்டும் என்று ஒன்று, வேண்டாம் என்று ஏழு. கமிட்டித் தலைவர் குரியாக்கோஸ் நிம்மதியாக ஏப்பம் விட்டார். கப்பக்கிழங்கு அவர் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது மாதம் மேட்டிலிருந்து ஓர் ஊர்வலமே இறங்கியது. கத்தரீனாளோடு சேர்த்துப் பதினான்கு பெண்கள். முக்காலி, மண்ணெண்ணெய் டின், கவிழ்த்துப் போட ஏலக்காய்க் கூடை என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். குருவம்மாள் ஓர் உரலையே உருட்டிக்கொண்டு வந்தாள். எல்லாரும் அம்சமாக உட்கார்ந்தார்கள்.

"கசேர இல்லாட்டி ஓட்டு இல்லன்னு சொன்னீகள்ல? இப்ப எல்லார்கிட்டயும் இருக்கு. எண்ணுங்க சாரே!" என்றாள் கத்தரீனாள்.

"உரல் கசேரயா?" என்று எழுந்தேவிட்டார் ஹெட்மாஸ்டர்.

"உங்க நாற்காலி ஆடுது சாரே. இது ஆடுதான்னு பாருங்க," என்றாள் குருவம்மாள்.

வேண்டும் பதினான்கு, வேண்டாம் ஏழு. குரியாக்கோஸுக்கு அன்று ஏப்பம் வரவில்லை.

ஓணம் கழிந்து தமிழ் வாத்தியார் இன்னாசிராஜ் ஜீப்பில் வந்து இறங்கினார். ஹெட்மாஸ்டர் அவரிடமும் கையை விரித்தார். "போஸ்ட் உண்டு. கசேர இல்ல." கத்தரீனாள் சத்தம் காட்டாமல் தன் நாற்காலியைக் கொண்டுபோய் வகுப்பில் வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு மாதம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதில் சுவக்கீனுக்கு முட்டி கழன்றுவிட்டது. "இன்னைக்கு அதைத் தூக்கிட்டு வரலைன்னா நான் சூசையப்பன் மகன் இல்லட்டி!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனான். வெறுங்கையோடு திரும்பி வந்தான். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"நாற்காலி எங்க?"

"சாய்மானத்துல சாக்பீஸால எழுதிக் கெடக்கு. எழுத்தெல்லாம் கோணக்கோணன்னு."

"என்னன்னு?"

"'இது எங்க அம்மா நாற்காலி. இப்படிக்கு இன்பமேரி.'"

"பேரை அவளேவா எழுதுனா?"

"அவளேதான். நான் வாத்தியார்ட்ட கேட்டுட்டுத்தான் வாரேன்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் கத்தரீனாளுக்குப் பேச்சு வராமல் போனது அன்றைக்குத்தான். சுவக்கீன் தானே எழுந்துபோய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, மறுபடி கூடைமேல் உட்கார்ந்தான்.