ரோட்டோரம் வெட்டிப் போட்ட தக்கைப்பூண்டு

பூவெடுக்கும் முன் மண்ணுக்கு உரமாக மடக்கி உழ வேண்டிய தக்கைப்பூண்டை, களையென்று வெட்டி ரோட்டோரம் குவித்துவிட்டார் என் கணவரின் அண்ணன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கணவர் போன பிறகு, பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் உள்ள அந்த வயல் என் பெயருக்கு வந்தது. வருடக்கணக்காக யூரியாவே தின்று மண் செத்துக் கிடந்தது. இந்தத் தடவை நெல்லுக்கு யூரியா கிடையாது, தழைச்சத்தைத் தக்கைப்பூண்டு கொடுக்கட்டும் என்று விதைத்தேன். இடுப்பளவு வளர்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. காற்றிலிருக்கும் சத்தைப் பிடித்து வைக்கிற முடிச்சு. டிராக்டருக்குச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் நாமக்கல்லில் அக்கா வீட்டுக்குப் போனேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

கணவரின் அண்ணன் இருபது வருடம் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே அலைந்தவர். எத்தனை அடியில் தண்ணீர் என்று சொல்வார். மேலே நிற்பது பயிரா களையா என்று தெரியாது. அவர் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. எங்கள் பக்கம் பெண்ணைப் பார்க்கிறவர்கள் தோட்டத்தையும் பார்ப்பார்கள். ரோட்டோர வயல் புதராகக் கிடந்தால் மானம் போய்விடுமாம். மெஷின் வைத்து மட்டமாக்கிவிட்டார். போனில் என்னை ஒரு வார்த்தை கேட்க எவ்வளவு நேரமாகும்?

நான் திரும்பி வருவதற்குள் குவியலில் பாதியை ஆட்டுக்காரர்கள் கொண்டுபோயிருந்தார்கள். மிச்சமாவது காய்வதற்குள் மண்ணுக்குள் போக வேண்டும். வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். பக்கத்து வயல் பெண்கள் இரண்டு பேர் கைகொடுக்க, வாய்க்கால் பக்கமிருந்து தழையைப் பரப்பி மிதிக்க ஆரம்பித்தோம்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா வரப்பில் நின்று, இந்தக் காலத்திலும் தழை மிதிக்கிறீர்களே என்று சந்தோஷப்பட்டார்.

"நாந்தானுங்க வெட்டி மிதிக்கச் சொன்னேன்" என்றார் என் கணவரின் அண்ணன், கொஞ்சமும் கூசாமல்.

சேற்றுக் காலோடு வரப்பேறினேன். அவர் மகளை நினைத்துக் குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"ஏனுங்க மாமா, வெட்டச் சொன்னது நீங்க. மிதிக்கறது நானுங்க. இனிமே எங்காட்டுல கை வைக்கறதுக்கு முந்தி என்னைய ஒரு வார்த்த கேளுங்க."

சம்பந்தம் முடிவாகிவிட்டது. என் நெல்தான் பாதி வயலில் கரும்பச்சையாகவும், தழை எட்டாத ரோட்டோரத்தில் மஞ்சளாகவும் நிற்கிறது. கல்யாணத்துக்கு ஆட்கள் வருவார்கள், அந்த ஓரத்துக்கு மட்டும் யூரியா போடட்டுமா என்று நேற்று வந்து கேட்டார். இந்தத் தடவை கேட்டார். வேண்டாமென்றேன். வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும்.