யாரும் கேட்காத கடவுச்சொல்

பூட்டிய பெட்டியைச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டு, சாவியை யாரும் கேட்கவில்லை என்று சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்பவனைக் கொடுத்தவன் என்று சொல்லலாமா? வீரராகவனை ஒரு வருடத்துக்கு மேல் பிடித்து வைத்திருந்த கேள்வி இது. அதற்கு முன் ஐம்பத்தைந்து வருடங்களில் அவரை எந்தக் கேள்வியும் அப்படித் தொந்தரவு செய்ததில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் அடிக்கும் ஒரு பிரஸ் கம்பெனியில் அவர்தான் கம்ப்யூட்டர் ஆள். கோவில்பதாகையிலிருந்து ஷேர் ஆட்டோ, ஆவடியிலிருந்து ரயில், பட்டரவாக்கத்தில் இறங்கி நடை. இருபத்திரண்டு வருடங்களாக இதே பாதை. திறமைசாலி என்று சொல்ல முடியாது, ஒழுங்கானவர். வெளியே போகும் எந்தக் கோப்பையும் சுருக்கிக் கட்டி, கடவுச்சொல் போட்டுப் பூட்டித்தான் அனுப்ப வேண்டும் என்பது அங்கே விதி. கடவுச்சொல்லை மெயிலில் எழுதக் கூடாது. பெறுபவர் போன் செய்து கேட்டால் வாயால் சொல்ல வேண்டும். அனுப்பியதும் மூலத்தை அழித்துவிட வேண்டும். தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் மற்றவர்கள் நினைத்துக்கொள்ளும் இந்த விதியை அவர் தினமும் கடைப்பிடித்தார்.

ஒரு நாள், பிரஸ் ஓட்டும் தொழிலாளி கோபியின் வலது கை இயந்திரத்தில் சிக்கி மூன்று விரல்கள் போயின. கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்த வேண்டிய சென்சார் அன்று கழற்றப்பட்டிருந்தது. கழற்றியது யார் என்பதுதான் விசாரணை. சாட்சிகள் பேசுவதைப் பதிவு செய்யும் வேலை வீரராகவனுக்கு வந்தது. ஆறு தொழிலாளிகள் பேசியதைக் கம்பெனி செல்போனில் பதிந்தார். ஏழாவதாகக் கோபி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி பேசினான். ஏழு பேரும் ஒன்றையே சொன்னார்கள்: உற்பத்தி எண்ணிக்கை குறைகிறது என்று சூப்பர்வைசர்தான் கழற்ற வைத்தார்.

ஏழு குரல்களையும் ஒரே கட்டாக்கினார். செல்போன் ஒலிப்பதிவு ஏற்கெனவே சுருங்கியது. அமுக்கினாலும் பெரிதாகக் குறையாது. பதினெட்டு எம்பி பதினேழு ஆனது. பதினாறு எழுத்தில் கடவுச்சொல் போட்டார். பர்சனல் மேனேஜர் கிரண் பக்கத்தில் வந்து நின்றான். அவர் மகன் வயதுதான் இருக்கும், மரியாதையாகத்தான் பேசினான்.

“ஃபைலை இன்னிக்கே வக்கீலுக்கு அனுப்பிடுங்க சார். பாஸ்வேர்டு, அவர் கேட்டா சொல்லுங்க. கேக்கலைன்னா நாமளா போன் பண்ண வேணாம். ரூல் அதுதானே?”

விதி அதுதான். கம்பெனி அமர்த்திய விசாரணை வக்கீலுக்குக் கோப்பு போனது. செல்போனில் இருந்த மூலங்கள் அழிந்தன. பூட்டிய கட்டின் ஒரு நகல் அவர் கணினியில் இருந்தது. கடவுச்சொல் அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. முதல் வாரம் மேஜைப் போன் அடிக்கும்போதெல்லாம் அது நாக்கு நுனிக்கு வந்து நின்றது. வக்கீல் கேட்கவே இல்லை. நாற்பதாம் நாள் அறிக்கை வந்தது. ஒலிப்பதிவுகள் பெறப்பட்டன, திறக்க இயலாததால் பரிசீலிக்கப்படவில்லை, சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தபடி, சென்சாரைக் கழற்றியது கோபியே. கோபிக்குக் கொடுத்த நகலில் கடைசி வரி மட்டும் இருந்தது. தங்கள் பேச்சைக் கேட்டும் வக்கீல் நம்பவில்லை என்று மற்ற ஆறு பேரும் நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

கோபியைக் கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். அவன் பதிந்து வைத்திருந்தது வலது ஆள்காட்டி விரல். அது இல்லாததால் வருகைப்பதிவு இயந்திரம் அவனை ஏற்கவில்லை. வேறு விரலைப் பதிய வேண்டியவர் வீரராகவன்.

“மிச்சம் கீறதுல ஒண்ண எட்துக்கோ அண்ணாத்தே,” என்று இடது கையை நீட்டினான் கோபி.

அவன் கட்டைவிரலைப் பிடித்துக் கண்ணாடி மேல் அழுத்தினார். இயந்திரம் மூன்று முறை கேட்டது. இரண்டாம் முறை அழுத்தும்போது கோபி குரலைத் தாழ்த்தினான்.

“ஆஸ்பத்திரில நான் பேசுனது வக்கீலாண்ட போய் சேந்துச்சா?”

“சேந்துச்சு.”

அது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் என்றைக்காவது திருத்தியிருப்பார் என்று தோன்றுகிறது. உண்மையாகப் போய்விட்டதால் அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து காலையில் கேட்டைத் தாண்டும்போது செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, இல்லாத யாரோடோ பேசியபடி உள்ளே போனார். அப்படியும் கோபி எழுந்து நின்று வணக்கம் வைத்தான்.

அடுத்த பாதுகாப்பு வாரத்தில், புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால் கோபியை நிறுத்தினார்கள். கிரண் எழுதிக் கொடுத்த தாளை அவன் இடது கையில் பிடித்து வாசித்தான். என் அவசரத்தால் சென்சாரைக் கழற்றினேன், என்னைப் பார்த்துத் திருந்துங்கள் என்று இருந்தது. வாசித்து முடித்து, யாரும் சொல்லாமலே வலது கையைத் தூக்கிக் காட்டினான். வீரராகவன் அதைப் பதிவு செய்தார். சுருக்கி, பூட்டி, மூன்று கிளைகளுக்கும் அனுப்பினார். பத்தே நிமிடத்தில் மூன்று கிளைகளிலிருந்தும் போன் செய்து கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அன்று மாலை அவர் ஆவடியில் இறங்கவில்லை. கோபியின் வீடு இருக்கும் நெமிலிச்சேரி வரை போனார். கோபி அன்று இரண்டாம் ஷிப்டும் சேர்த்துக் கேட்டில் இருந்தான்; வீட்டில் அவன் மனைவி ரேணுகா மட்டும் இருந்தாள். உட்காரச் சொன்னாள். அவர் உட்காராமல் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, மகளின் லேப்டாப்பில் போட்டுப் பார்க்கச் சொன்னார். அது கடவுச்சொல் கேட்கும், என் நம்பருக்குக் கூப்பிட்டால் சொல்கிறேன் என்று நம்பரைக் கொடுத்தார். இங்கேயே ஏன் சொல்லக் கூடாது என்று அவளுக்குப் புரியவில்லை. ஸ்டேஷனுக்குத் திரும்பி, பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு அவளே கூப்பிடும்வரை காத்திருந்தார். கூப்பிட்டாள். பதினாறு எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

திறந்ததும் ரேணுகா எண்ணிப் பார்த்தாள். எட்டுக் கோப்புகள் இருந்தன. எட்டாவதில் வீரராகவனின் குரல், ஒன்றரை நிமிடம். தன் பெயரையும் ஊழியர் எண்ணையும் சொல்லி, பூட்டிய நாளைச் சொல்லி, கிரண் சொன்னதை அதே வார்த்தைகளில் சொல்லி, நாற்பது நாளும் தான் போன் செய்யவில்லை என்பதையும் சொல்லியிருந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை காதில் செல்போன் இல்லாமல் வந்தார். கோபி எழுந்து நிற்கவில்லை, வணக்கமும் வைக்கவில்லை.

“என் கேஸுக்கு ஏழே போதுமே. எட்டாவது எதுக்கு? உன் வேலைக்கே உலை வெச்சிக்கினியே.”

வீரராகவன் இயந்திரத்தில் விரலை வைத்தார். அது ஏற்றுக்கொண்டது. உள்ளே போனார். கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பிய பிறகும், எட்டாவது எதற்கு என்று கேட்டவர் யாருக்கும் அவர் பதில் சொல்லவில்லை.