ஏழு அங்குலம் ஐந்து நூல்

பென்சிலால் ‘7-5’ என்று எழுதிய அந்தத் துண்டுச்சீட்டு என் கைக்கு வந்தபோது, திருத்தங்கல் அச்சகத்தில் நான் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பட்டாசுப் பெட்டியின் மூடியில் ஒட்டும் லேபிளின் நீளம் அது. அகலம் சரியாக நான்கு அங்குலம். கம்ப்யூட்டருக்கு மில்லிமீட்டர்தான் புரியும் என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த நான், ஏழரை அங்குலம் என்று எடுத்துக்கொண்டு, 25.4ஆல் பெருக்கி, 190.5 என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். விடை சரி. கேள்விதான் வேறு.

எங்கள் தொழிலில் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை நூல் என்பார்கள். சீட்டில் இருந்தது ஏழு அங்குலம் ஐந்து நூல். நான் ஒரு நூலை, அதாவது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல், விழுங்கிவிட்டேன். சீசன் லோடு முழுவதும் அச்சாகி வெட்டு மெஷினுக்கு வந்த பிறகு, கட்டிங் அண்ணாச்சிதான் ஒன்றை வெட்டி மூடியில் வைத்துப் பார்த்தார்.

“ஏலே கம்ப்யூட்டரு, இங்கன வா. மூடியோட ரெண்டு ஓரமும் வெள்ளையா தெரியுதுலே. பட்டாசுக்கு வேட்டி கட்டி விட்டிருக்கியா?”

போன வாரம்தான் அவருடைய தேய்ந்த ஸ்கேலை மியூசியத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். முந்தைய வேலையை நானாக விட்டேன் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அந்தக் கம்பெனிக்காரர்கள்தான் என்னை விட்டார்கள். இதுவும் போனால் எந்த முகத்தோடு வீட்டுக்கு ஆமத்தூர் பஸ் ஏறுவது?

அண்ணாச்சி தாளை உற்றுப் பார்த்தார். வெட்டும்போது கை பிசகினால் வெள்ளை தெரியக்கூடாதென்று, படத்தைச் சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக அச்சடிப்பது வழக்கம். அந்த உபரியிலிருந்து இந்தப் பக்கம் அரை நூல், அந்தப் பக்கம் அரை நூல் சேர்த்துக்கொண்டார். கை பிசக இனி பாதி இடம்கூட மிச்சமில்லை என்று தெரிந்துதான் வெட்டினார். சாயங்காலம் வரை ஒவ்வொரு கட்டுக்கும் அந்தத் தேய்ந்த ஸ்கேலை வைத்துப் பார்த்தார். முதலில் வெட்டிப் பார்த்ததைத் தவிர ஒரு லேபிள்கூட வீணாகவில்லை.

முதலாளி வந்து டேப் வைத்து அளந்தார். “பாத்தீகளா அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல போட்டா எம்புட்டுத் துல்லியமா வருது!”

அண்ணாச்சி நிமிரவே இல்லை. “ஆமா முதலாளி. தம்பி கணக்குல புலியாச்சே!”

இப்போது நான்தான் டிசைன் பிரிவுக்குப் பொறுப்பு. அளவை எழுத்தால் எழுதாத சீட்டைத் தொடுவதில்லை. அண்ணாச்சி வேறு அச்சகத்தில் இருக்கிறார். சிவகாசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், “என்ன புலி, சாப்பிட்டீகளா?” என்று அங்கிருந்தே சத்தம் போடுவார். எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நானும் பின்னால் திரும்பி, வேறு யாராவது நிற்கிறார்களா என்று தேடுவேன்.