ஞானப்பல் நகரத்துக்கு வார ஓய்வு

டி.வி. மேசையைத் துடைப்பது அந்த வீட்டில் அவள் வேலை. மற்ற மேசைகளையும் அவள்தான் துடைப்பாள் என்றாலும், டி.வி. மேசையை மட்டும் கணவர் காலையில் வேலைக்குக் கிளம்பிப்போன பிறகுதான் தொடுவாள். அவர் வீட்டில் இருந்தால், "ஒயரைப் பாத்து, ஒயரைப் பாத்து" என்று முதுகுக்குப் பின்னால் நின்று உயிரை வாங்குவார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில் கம்பி வடத்துக்கு நடுவே நின்று பாட்டுப் பாடிக்கொண்டே வேலை பார்க்கிற மனிதருக்கு, வீட்டில் ஒரு ஒயர் கழன்றுவிடுமோ என்றுதான் பயமெல்லாம்.

அந்தத் திங்கட்கிழமை டி.வி.யைத் துடைத்தாள். பக்கத்திலிருந்த கேம் கன்சோலைத் துடைத்தாள். கன்ட்ரோலரை எடுத்து, பொத்தான்களுக்கு நடுவில் துணி நுனியை விட்டு அழுக்கை நோண்டினாள். திரை தானாக விழித்துக்கொண்டது. மலை, ஆறு, கோட்டை எல்லாம் வந்தன. நடுவில் ஒரு கட்டம் முளைத்து என்னவோ கேட்டது. அதைப் போக்கினால் போதும் என்று ஒரு பொத்தானை அமுக்கினாள். இன்னொரு கட்டம் வந்தது. அதையும் அமுக்கினாள். முரசு கொட்டியது, கொம்பு ஊதியது, திரை சிவந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் படித்தாள். ஞானப்பல் நாடு மேல்மாடி நாட்டின் மீது போர் தொடுத்துவிட்டதாம்.

கன்ட்ரோலரை எடுத்த இடத்திலேயே, எடுத்த கோணத்திலேயே வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மேல்மாடி அவள் கணவருடைய நாடு. ஞானப்பல், கணவரின் தம்பியுடைய நாடு; அதன் தலைநகரத்துக்கும் அதே பெயர்தான். தம்பி பல்செட் செய்கிறவர். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்ப, பட்டறையில் உட்கார்ந்து பற்களைச் செதுக்குவார். அவர் கட்டிய ஊர்களுக்கெல்லாம் கடைவாய், கோரை, முன்பல் என்றுதான் பெயர். மகள் வேலை கிடைத்து வெளியூர் போகும்போது விட்டுப்போன கன்சோல் அது. ஆட்டமும் அவளுடையதுதான். ஒருவர் தன் முறையில் ஊர் கட்டலாம், வயல் போடலாம், படையை நகர்த்தலாம். பிறகு "முறை முடிந்தது" என்று அமுக்கிவிட்டு மற்றவரிடம் கன்ட்ரோலரைத் தரவேண்டும். ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்தால் உலகத்தையே மறந்துவிடுவார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் தம்பி அண்ணனுக்கு இரண்டு பல் கொண்ட செட் ஒன்று செய்து கொடுத்தார். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கூடியிருந்த இடத்தில் அண்ணன், "செட் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆடுது" என்றார். "செட்டுல குறையில்ல. வாயைக் கொஞ்ச நேரம் மூடி வெச்சிருந்தா ஆடாது" என்றார் தம்பி. பத்துப் பேரும் சிரித்தார்கள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர ஆட்டம் நிற்கவில்லை. நிறுத்துகிறவன் தோற்றவன் என்று இருவருமே தனித்தனியாக முடிவுசெய்திருந்தார்கள். தம்பி தினமும் மாலை ஆறு மணிக்கு வருவார். சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை ஆடுவார். அண்ணன் அந்நேரம் வலது ஓரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கவேண்டும். பிறகு தம்பி கன்ட்ரோலரை நடு இருக்கையில் வைத்துவிட்டுத் தானும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அண்ணன் ஆடி முடித்ததும் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். அடுத்த நாள் ஆறு மணிவரை கன்சோல் தம்பியின் முறையில் காத்துக்கிடக்கும்.

இதற்கிடையில் இரு நாட்டுக்கும் தூதர் அவள்தான்.

"அண்ணி, மேல்மாடிக்காரருக்கு இரும்பு வேணுமான்னு கேளுங்க."

"வேணும்னு சொல்லு. பதிலுக்கு உப்பு தர்றேன்னு சொல்லு."

"வேணுமாம். உப்பு தர்றாராம்."

"உப்பு என்கிட்டயே இருக்குன்னு சொல்லுங்க அண்ணி."

மூன்றடி தூரத்தில் இருந்துகொண்டுதான் இவ்வளவும். அவள் அலுத்துக்கொள்வாளே தவிர நிறுத்தமாட்டாள். தம்பிக்குக் குடும்பம் இல்லை. கணவருக்கு நண்பர் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. இந்த ஒரு மணி நேரம் போய்விட்டால், லிஃப்ட் வடத்தில் எத்தனை புரி, எந்தப் புரி எப்போது அறும் என்பதையெல்லாம் தினமும் தான் ஒருத்தியே கேட்கவேண்டிவரும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த இரண்டு பேரில் ஒருவரை விட்டால் மற்றவருக்கு வேறு நாதி இல்லை என்பதும் தெரியும். ஆனால் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மாலை தம்பி வந்தார், திரையைப் பார்த்தார். கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அண்ணி, நான் இல்லாத நேரத்துல என் நாட்டு மேல யாரோ கை வெச்சிருக்காங்க. நான் யார் மேலயும் போர் தொடுக்கல. நான் நூலகம் கட்டிக்கிட்டிருந்தேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் துள்ளித் திரும்பினார். "என்ன போர்? ஏம்மா, உன் கொழுந்தன் நேத்து போகும்போது இந்த வேலையைப் பண்ணிட்டு இன்னிக்கு நாடகம் ஆடறானா? கேளு."

"நான்தாங்க" என்றாள் அவள். "காலையில தொடைச்சேன். பொத்தான் அமுங்கிடுச்சு."

இருவரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"தொடைச்சா போர் வருமா அண்ணி? அப்படின்னா பாதி வீட்டுல தினமும் போர்தான். அவரைக் காப்பாத்த நீங்க பழியை ஏத்துக்காதீங்க."

"அவனுக்கு ஏம்மா பரிஞ்சுக்கிட்டு வர? எனக்குத் தெரியும் அவன் புத்தி."

சமாதானம் கேட்கலாம். அதற்கு ஒரு பொத்தான் இருந்தது. ஆனால் முதலில் கேட்கிறவன் தோற்றவன். போர் ஆரம்பித்தது.

மேல்மாடி நாட்டில் திரும்பின பக்கமெல்லாம் கோட்டை. தம்பி நாட்டிலோ நூலகமும் நாடகக் கொட்டகையும்தான். இரண்டு வாரத்தில் முன்பல் விழுந்தது, கோரை விழுந்தது. மூன்றாவது வாரம் கடைவாயும் ஆட்டங்கண்டு விழுந்தது. மிச்சமிருந்தது தலைநகரம் மட்டும். செருப்பை மாட்டிக்கொண்டே தம்பி சொன்னார்: "ஞானப்பல் விழுந்தா ஆட்டம் முடிஞ்சுது அண்ணி. அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?"

அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவரோ இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவர் கிளம்பியதும் சோபாவின் இடது ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். தம்பியின் முறை காத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீரனாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மதில்மேல் ஒரு வில்லாளி கால்வாசி உயிரோடு நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு வாள்வீரன், அவனும் அரை உயிர். நல்ல தெம்பாக இருந்த இரண்டு குதிரைக்காரர்கள் நூலகத்தின் பின்னால் சும்மா நின்றார்கள்.

அவள் இருபத்து மூன்று வருடமாக பஸ் டிப்போவில் டைம்கீப்பர். அறுபத்திரண்டு டிரைவருக்கு எந்த பஸ், எந்த வழி, எத்தனை மணி என்று டூட்டி சார்ட் போடுகிறவள். முதுகுவலிக்காரனுக்குக் குறைந்த தூர வண்டி. ஆறு நாள் ஓட்டினவன் ஏழாம் நாள் வண்டியைத் தொடக்கூடாது. முதலமைச்சரே வந்து சிபாரிசு பண்ணினாலும் கூடாது. எந்த நேரமும் இரண்டு ஆள் ஸ்பேரில் இருக்கவேண்டும். அவளுடைய டிப்போவில் பஸ் நடுவழியில் நிற்கலாம். ஆள் இல்லாமல் நின்றதில்லை.

"இந்த வில்லாளியை இன்னும் டூட்டியில வெச்சிருக்கிறது யாரு?" என்று வாய்விட்டே கேட்டாள்.

அவனை ஊருக்குள் இழுத்துப் படுக்கவைத்தாள். அவன் இடத்தில் ஒரு குதிரைக்காரனை நிறுத்தினாள். இன்னொருவனை ஸ்பேராக வைத்தாள். முறை முடிந்தது என்று மட்டும் அமுக்கவில்லை. அதைத் தம்பிதான் அமுக்கவேண்டும். பழைய நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு, ஒன்பது வீரர்களுக்கும் அடையாளத்துக்கு மீசை, குட்டையன், சாய்ஞ்சவன் என்று பெயர் எழுதி, ஆளுக்கு ஒரு நாள் ஓய்வு குறித்துக்கொண்டாள்.

அன்று மாலை மேல்மாடிப் படை மதிலில் மோதித் திரும்பியது. மறுநாளும் அப்படியே. ஓய்வெடுத்தவன் தெம்பாக வந்து நிற்க, களைத்தவன் உள்ளே போனான். ஒரு வாரம், இரண்டு வாரம் ஆயிற்று. ஞானப்பல்லை அசைக்க முடியவில்லை.

அவளுக்கோ அதே நினைப்பாகிவிட்டது. டிப்போவில் ஒரு டிரைவர் வந்து, "டைம்கீப்பரம்மா, நாளைக்கு எனக்கு ஆஃப் வேணும்" என்றான்.

"நீ போயிட்டா மதில்ல யாரு நிப்பா?"

அவன் ஜன்னல் வழியாக டிப்போவின் மதிலை எட்டிப் பார்த்தான். "மதில்ல எதுக்கும்மா நிக்கணும்?"

"போ, போ, எடுத்துக்க" என்று அனுப்பிவைத்தாள்.

வீட்டில் தூதுவேலை இப்போது இரட்டிப்பாகியிருந்தது. "ஏம்மா, இவனுக்கு இவ்வளவு மூளை எப்ப வந்துச்சு? வீட்டுச் சாவி ஏதாவது குடுத்து வெச்சிருக்கியா? பகல்ல வந்து ஒத்திகை பாக்கறானா?" என்பார் கணவர். தம்பியோ தன் வீரர்கள் நிற்கிற இடத்தை உற்றுப் பார்த்துவிட்டு, முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருப்பார்.

ஒரு வியாழக்கிழமை அவர் உடைந்தார்.

"அண்ணி, எனக்குத் தெரியாதுன்னு நினைக்க வேண்டாம். தினமும் நான் வர்றதுக்கு முன்னால என் ஆளுங்க நகர்ந்திருக்காங்க. அண்ணன் பகைவனா இருந்தா பரவாயில்ல, தாங்கிக்குவேன். பாவம் பாத்து எனக்காக அவரே என் படையை நகர்த்தி வெக்கறாரு பாருங்க, அதைத் தாங்க முடியல. இன்னிக்கு சரணடைஞ்சுட்டுப் போயிடறேன். நாளையிலருந்து வரமாட்டேன்."

"நான் எதுக்குடி இவனுக்குப் பாவம் பாக்கணும்?" என்று சுவரிடம் கத்தினார் அண்ணன். "இவன் படையை உடைக்க முடியாம நானே வயிறு எரிஞ்சுபோய் உக்காந்திருக்கேன்! நேத்து அந்த வில்லாளியை அடிச்சுக் குத்துயிரா விட்டிருந்தேன். இன்னிக்கு முடிச்சுடலாம்னு ஓரக்கண்ணால பாத்தா ஆள் உள்ள போய்ப் படுத்துக்கிட்டான். போன வியாழக்கிழமையும் அதே மாதிரி போயிட்டான். அதுக்கு முந்தின வியாழக்கிழமையும்..."

அவர் நிறுத்தினார். மெல்லத் திரும்பினார். ஆனால் தம்பியை அவர் பார்க்கவில்லை. நடு இருக்கையின் சாய்மானத்தில் கையூன்றி நின்றிருந்த மனைவியைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை அவனுக்கு வார ஓய்வா?" என்றார்.

"ஆமா. குட்டையனுக்கு வெள்ளி."

"எந்த ராஜாம்மா போர் நடக்கும்போது படைக்கு வார ஓய்வு குடுப்பான்?"

"குடுக்காததாலதான் எல்லா ராஜாவும் தோத்துருக்கான்."

தம்பி இன்னும் நம்பவில்லை. "அண்ணி, நீங்க எனக்காகச் சொல்றீங்க" என்றார், சரணடைகிற பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு.

அவள் அந்தக் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கினாள். நடு இருக்கையில் உட்கார்ந்தாள். நான்கு வருடமாக அங்கே மனிதர் யாரும் உட்கார்ந்ததில்லை. மீசையைத் தெற்கு வாசலுக்கு அனுப்பினாள். சாய்ஞ்சவனை உள்ளே இழுத்தாள். ஸ்பேரில் இருந்த குதிரைக்காரனை ஆற்றைச் சுற்றி ஓட்டி, மேல்மாடிப் படையின் கவண் வண்டியைப் பின்னாலிருந்து ஒரே அடியில் சாய்த்தாள். எந்தப் பொத்தான் எங்கே என்று அவள் விரல் தேடவே இல்லை. சுவரைப் பார்க்கவேண்டிய அண்ணன் சட்டத்தை மறந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொடைச்சதும் நான்தான்" என்றாள். "அன்னிக்கே சொன்னேன்."

திரையில் கவண் வண்டி எரிந்துகொண்டிருந்தது.

"இது செல்லாது" என்றார் அண்ணன்.

"செல்லவே செல்லாது" என்றார் தம்பி, அவளைப் பார்த்து.

"ஆட்டத்துல மூணாவது ஆள் கை வெக்கிறதாவது! ஒன்றரை மாசப் போரே செல்லாது. முதல்லருந்து போடணும்." அண்ணன் கோபத்தில் முன்னால் சாய்ந்து, மனைவியின் தோளுக்கு அந்தப் பக்கமாகத் தலையை நீட்டினார். "டேய், கேக்குதா? புது ஆட்டம். புது நாடு. நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடறியா?"

தம்பியின் காது நுனி சிவந்தது. பிறகு, பழக்கத்தில், கழுத்தை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தார்.

"அண்ணி" என்றார். "அண்ணன் என்னையா கேக்கறாரு?"

அவள் கன்ட்ரோலரை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தாள். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.