கரடியின் காதுக்கு எட்டாதது

எங்கள் வீட்டில் பகலில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. என் மனைவிக்கு ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. எப்போதும் நைட் டியூட்டிதான். காலையில் வருவாள், குளிப்பாள், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். முதலியார்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஓர் அறையும் அடுப்படியுமாக எங்கள் வீடு. அறைக்கு நடுவில் பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டியிருக்கிறோம். திரைக்கு அந்தப் பக்கம் அவள் தூங்குவாள். இந்தப் பக்கம் நானும் மகளும்.

கைக்குழந்தையிலிருந்தே மகளுக்கு இது பழக்கம். அவளிடம் எதைச் சொன்னாலும் காதுக்குள் சொல்வேன். அவளுக்குப் பேச்சு வந்தபோது அதுவும் என் காதுக்குள்தான் வந்தது. என் கழுத்தைப் பிடித்து இழுத்து, காதில் வாயை வைத்து, வெறும் மூச்சாகவே பேசுவாள். "ப்பா, அந்தப் பல்லிக்கு ஸ்கூல் இல்லியா?" என்பாள். "அதுக்கு இன்னைக்கி லீவு" என்பேன். "எங்க மிஸ்ஸுக்குப் பல்லின்னா பயம் ப்பா." இப்படி ஒரு சோற்றுக் கிண்ணம் காலியாகும் வரைக்கும் பேசிக்கொண்டே இருப்பாள். அவளைப் போல வாயாடிக் குழந்தையை நான் பார்த்ததில்லை. ஆனால் அது என் காதுக்கு மட்டும்தான் தெரியும்.

மனைவி விழித்திருக்கும் நேரத்திலும் எங்கள் இரண்டு பேருக்கும் குரல் எழும்பாது. பழகிவிட்டது. எனக்கு அது பிடித்தும் இருந்தது. நான் கூச்ச சுபாவம் உள்ளவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் வேலை செய்கிறேன். குனிந்து கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தால் போதும், வருகிறவர்களிடம் முதலாளி பேசிக்கொள்வார். "டேய், ஒன் தொண்டைக்குள்ள காயில் அந்துபோச்சுடா. கழட்டிக் குடு, புதுசா கட்டிடலாம்" என்று என்னைக் கிண்டல் செய்வார். சிரித்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எல்லோரும் பாடும்போது நான் வாயை மட்டும் அசைப்பேன். பக்கத்தில் நிற்கிறவருக்கு நான் பாடுவது போலத் தெரியும். மகள் என் காலைக் கட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மகளின் பள்ளிக்கூடத்தை என் மனைவிதான் தேடிப் பிடித்தாள். ப்ரீகேஜியிலேயே பெரிய தொடுதிரை, குழந்தைகளுக்குக் கையில் டேப்லட். "நம்ம ரெண்டு பேர மாதிரி வாயில்லாப் பூச்சியா ஆயிடக் கூடாதுங்க. அங்க இங்கிலீஷ் பேச வச்சிடுறாங்களாம்" என்றாள். சேர்க்கப் போன அன்று வகுப்பைப் பார்த்தேன். சுவரில் ஒரு கதவு அகலத்துக்குத் திரை. அதில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு கரடி. யானைப் படத்தைக் காட்டி, இது என்ன என்று கரடி இங்கிலீஷில் கேட்கிறது. குழந்தை மைக்கில் "எலிஃபன்ட்" என்று சொன்னால் கரடி கைதட்டி ஆடுகிறது, மேலிருந்து நட்சத்திரமாகக் கொட்டுகிறது. சொல்லாவிட்டால் கரடி காதில் கையை வைத்து, கேட்கவில்லை, சத்தமாகச் சொல் என்கிறது. குழந்தைகள் எல்லாம் அதைப் பார்த்துத் துள்ளினார்கள். எனக்கே ஒரு தடவை சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தது.

பள்ளிக்கூடத்து ஆப்பை மிஸ்ஸே என் போனில் ஏற்றிக் கொடுத்தார். சின்ன வயதுப் பெண், நல்ல மாதிரி. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகத்தில் எதுவும் காட்டாமல், "பரவால்ல சார், மூஞ்சி மட்டும் பாருங்க. வாரா வாரம் வரும். பச்சை மூஞ்சி சிரிச்சா சூப்பர். மஞ்சள்னா இன்னும் கொஞ்சம். சிவப்புன்னா நம்ம ஒக்காந்து பேசலாம்" என்றார்.

என் மகளுக்குப் பச்சையும் வரவில்லை, மஞ்சளும் வரவில்லை, சிவப்பும் வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் வந்தது. அதில் கண் இல்லை, வாய் இல்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதே வட்டம். மத்தியானம் மகளைக் கூட்டப் போனபோது தயங்கித் தயங்கி மிஸ்ஸிடம் போனை நீட்டினேன்.

"அது பதிலே வரலேன்னா அப்டித்தான் காட்டும் சார். பாப்பாவுக்கு எல்லாம் தெரியுது. யானை எதுன்னா விரல நீட்டுறா. டேப்லட்ல கரெக்டா தொடுறா. பேச மட்டும் மாட்டேங்குறா. கரடி சத்தமா சொல்லுன்னா, இவ அதுக்கு வாயில விரல வச்சு உஷ்ஷுங்குறா!" மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது. "அவ்ளோ க்யூட் சார். ஆனா சிஸ்டம் எடுக்காது."

கரடி கத்தினால் அம்மா எழுந்துவிடுவாள் என்று என் மகள் நினைத்திருக்கிறாள். எனக்கு அது அங்கேயே புரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். பின்னால் மற்ற குழந்தைகளின் அம்மாக்கள் நின்றிருந்தார்கள். "சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். டியூட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "நான் தூங்குறதாலதான்னு சொன்னீங்களா?" என்றாள். நான் மகளின் பையை எடுத்து ஆணியில் மாட்டினேன். "சொல்லியிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்" என்றாள். மறுநாள் டியூட்டி முடிந்து, யூனிபாரத்தோடு, தூக்கக் கண்ணோடு அவளே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மிஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "புரியுதுங்க. பாவம், நீங்களும் என்ன பண்ணுவீங்க. ஆனா இதுக்கு நான் மார்க் போடறதில்ல. கரடி கேட்டு அதுவே போட்டுக்குது. வருஷக் கடைசியில அத வச்சுத்தான் எல்கேஜிக்கு அனுப்புவாங்க. ஒண்ணு பண்ணுங்க, வீட்ல பேசறத வீடியோ எடுத்து ஆப்ல போடுங்க. நான் மேல காட்டுறேன்" என்றார்.

அன்று மத்தியானம் வீடியோ எடுத்தேன். ஒரு காக்காய்ப் படத்தைக் காட்டினேன். அவள் அதைப் பற்றி ஒரு கதையே சொன்னாள். காக்காய்க்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அம்மா ஊசி போட்டாள், காக்காய் அழவில்லை. கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸிடமிருந்து குரல் பதிவு வந்தது. "சார், ஆடியோ ஆன் பண்ணலையா? சத்தமே இல்லியே."

கடைக்கு எடுத்துப் போனேன். முதலாளி போனைக் காதோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடிக் கேட்டார். "இருக்குதே சவுண்டு" என்றார். எனக்கு உயிர் வந்தது. "டேய், ஒன் வீட்டு ஃபேன்ல பேரிங் போயிருக்குடா. கர்ரு கர்ருங்குது பாரு. மாத்திடு." மகள் பேசுவது கேட்கிறதா என்று கேட்டேன். இன்னொரு தடவை வைத்துக் கேட்டார். அப்புறம் அவர் கிண்டல் செய்யவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கொழந்தைய வெளியில கூட்டிட்டுப் போயி கத்த விடுடா. கத்துனாதான் தொண்ட தொறக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளைக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போனேன். அந்த நேரத்தில் அங்கே வண்டி விடமாட்டார்கள், எல்லோரும் நடந்து திரிவார்கள். கூட்டம் குறைந்த இடமாகப் பார்த்து, கருங்கல் பாறைகளுக்கு எதிரில் அவளை நிறுத்தினேன். அலை பாறையில் மோதிக்கொண்டிருந்தது. "இங்க அம்மா தூங்கல. சத்தமா சொல்லு, யானை" என்றேன். அவள் என் காதை இழுத்து "யானை" என்றாள். "அப்டி இல்ல, கத்தணும்." "எப்டி ப்பா?" என்று கேட்டாள்.

நான் கத்திக் காட்ட வேண்டும். இவ்வளவு வயதில் நான் ஒரு தடவையாவது தெருவில் கத்தியிருக்கிறேனா என்று யோசித்தேன். பஸ் கிளம்பிவிட்டாலும் கத்திக் கூப்பிடாமல் நடந்து போகிறவன் நான். சுற்றிலும் பார்த்தேன். அலை வந்து மோதுகிற நேரமாகப் பார்த்து "யானை" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அடுத்த அலைக்கு இன்னும் கொஞ்சம். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கையை உதறிவிட்டு, கடலைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு "யா...னை!" என்று ஒரு கத்துக் கத்தினாள். அதுதான் அவள் குரல். அன்றுதான் நான் அதை முதன்முதலாகக் கேட்டேன். அவள் பிறந்தபோது அழுததற்கு அப்புறம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கணீரென்று இருந்தது.

எங்கள் ஊர்ச் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் நடந்து வந்தார். "இன்னாபா, கொழந்த இந்தக் கத்து கத்துது? ஒன் கொழந்ததானே?" என்றார். தலையை ஆட்டினேன். "வாயத் தொறந்து சொல்லுபா." "என் பொண்ணுதாங்க" என்றேன். "இன்னாது?" என்று காதைக் கிட்டே கொண்டுவந்தார். மகள் அவரை நிமிர்ந்து பார்த்து, இன்னும் பலமாக "யானை!" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போனார். திரும்பி வரும்போது மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தாள். கடை, நாய், பஸ், மாடு. சிக்னலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அன்று ஒருவரைப் பார்த்தும் கூச்சமாக இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மனைவி முந்தின வாரம் முழுக்க வார்டில் ஆள் இல்லாமல் கூடுதல் டியூட்டி பார்த்துவிட்டு வந்திருந்தாள். மத்தியானம் மகளைக் கூட்டிவந்து சோறு பிசைந்துகொண்டிருந்தேன். மகள் டேப்லட்டில் பார்த்ததை எனக்குச் சொல்ல வந்தாள். காதுக்கு வரவில்லை. அறை நடுவில் நின்று "யானை!" என்று கத்தினாள்.

திரை கிழிகிற மாதிரி என் மனைவி எழுந்து ஓடிவந்தாள். கண் திறந்திருந்தது, தூக்கம் கலையவில்லை. "எந்த பெட்டு? எந்த பெட்டு?" என்று கேட்டுக்கொண்டே வாசல் கதவு வரைக்கும் போய், கதவில் முட்டிக்கொண்ட பிறகுதான் வீடு என்று தெரிந்தது. திரும்பி வந்து மகள் முதுகில் ஓர் அடி அடித்தாள். அடித்த கையோடு அவளைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். "நான் தூங்கணும்ங்க. நான் தூங்கலேன்னா அங்க யாருக்காவது மருந்த மாத்தி எடுத்துக் குடுத்துடுவேன்" என்றாள். 

மகளைத் தூக்கிக்கொண்டு சந்துக்கு வந்தேன். "வீட்ல மெல்ல பேசணும், ஸ்கூல்ல சத்தமா பேசணும்" என்று அவள் காதில் சொன்னேன். அவள் என் காதில் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும்தான் என்று நினைத்தேன்.

வருஷக் கடைசியில் பெற்றோரை வைத்துக்கொண்டு குழந்தைகளைக் கரடி முன்னால் நிறுத்தினார்கள். மனைவியால் விழித்திருக்க முடியவில்லை, நான் போனேன். குழந்தைகளின் சின்ன நாற்காலியில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு குழந்தையாகப் போய்ச் சொன்னது, நட்சத்திரம் கொட்டியது, எல்லோரும் கைதட்டினார்கள். என் மகள் முறை வந்தது. மிஸ் வேண்டுமென்றே அவளுக்குத் தெரிந்த யானையை வரவைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மகள் யானையைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கடற்கரையில் சொன்ன மாதிரி நான் ஒரு வார்த்தை, "கத்து" என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவ்வளவு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாய் அசைந்தது. பூசையில் அசைகிற மாதிரி அசைந்தது. மகள் அதைக் கூர்ந்து பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினாள். அவள் வாயும் அப்படியே அசைந்தது. மிஸ் மைக்கை உதட்டருகே கொண்டுபோனார். கரடி காதில் கை வைத்தது. திரும்பவும் கை வைத்தது. அப்புறம் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்கள்.

ஆப்பில் அதே சாம்பல் வட்டம் வந்தது. இன்னொரு வருஷம் ப்ரீகேஜியிலேயே இருக்கட்டும் என்றார்கள். டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள், காட்டினோம். காதும் சரி, தொண்டையும் சரி என்றார். கூடப் படித்த குழந்தைகள் பக்கத்து அறைக்குப் போய்விட்டார்கள். இடைவேளையில் அந்த அறை வாசலில் போய் நிற்கிறாளாம், மிஸ் சொன்னார். இந்த வருஷம் கரடியை மாற்றிவிட்டுப் புதிதாக ஒன்று போடப்போகிறார்களாம், அது இன்னும் நன்றாகக் கேட்குமாம்.

இப்போதும் மத்தியானம் சோறு ஊட்டுகிறேன். திரைக்கு அந்தப் பக்கம் மனைவி தூங்குகிறாள். ஃபேனுக்குப் பேரிங் மாற்றிவிட்டேன், அறையில் ஒரு சத்தமும் இல்லை. மகள் என் கழுத்தைப் பிடித்து இழுத்து, காதில் வாயை வைத்துப் பேசுகிறாள். உதடு என் காதில் படுகிறது. சூடாக மூச்சு வருகிறது, போகிறது. வார்த்தை வருவதில்லை. முடித்துவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று முகத்தைப் பார்க்கிறாள். கேட்காவிட்டால் அந்தக் கரடி காதில் கை வைத்து, கேட்கவில்லை என்றாவது சொல்லும். நான் கேட்டது போலத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வாய்ச் சோற்றை உருட்டுகிறேன்.