விபூதி பூசிய லேப்டாப்

அப்புத்தளை ரயில் நிலையத்துக்குக் கீழே ஒரு சின்னக் கடையில், லேப்டாப் பழுதுபார்க்கும் அவரைச் சந்தித்தேன். மெலிந்த உடம்பு, காது மூட இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. எந்த லேப்டாப்பைத் தொடும் முன்பும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"உள்ள யாரு படம் இருக்குண்ணே?"

"என் சம்சாரம். போன வருஷம் தவறிட்டா."

அவள் படங்கள் வேறெங்கும் இல்லை. இரண்டு நாளாகத் திரை துடித்து, அவள் முகம் வந்து வந்து மறைந்தது. கோபத்தில் அவள்தான் வந்திருக்கிறாள் என்று நடுங்கி, ஐம்பது வயது வீரனான நான், லேப்டாப்புக்கு விபூதி பூசிச் சூடமும் காட்டியிருந்தேன்.

அவர் அதை டீவியோடு இணைத்தார். அங்கே அவள் அசையாமல் சிரித்தாள். படங்களைப் பென்டிரைவில் ஏற்றிய பிறகே மூடியைச் சாய்த்துப் பார்த்தார். சாய்த்தால் துடித்தது, நிமிர்த்தினால் நின்றது.

"பேயெல்லாம் இல்லண்ணே. கீல்கிட்ட வயரு நசுங்கியிருக்கு. இதென்ன சாம்பலு?"

"குளிருக்குப் பவுடர் போட்டேன்."

சிரிக்காமல் ஊதித் துடைத்தார். வயரை நிமிர்த்தி மாட்டினார். துடிப்பு நின்றது.

அவர் தலைக்கு மேலே தட்டில், மண் காய்ந்து அப்பிய கைபேசி ஒன்று இருந்தது.

"அதுல யாரு படம்?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"வீட்டுக்காரியும் ரெண்டு புள்ளைங்களும். மண்சரிவுல போயிட்டாங்க. இந்தப் போனு மட்டும் கெடைச்சிச்சு."

"அதைச் சரி பண்ணலியா?"

"தொறந்தே பாக்கலண்ணே. உள்ள ஒண்ணுமில்லேன்னு ஆயிட்டா?"

இப்போது என் திரை துடிப்பதில்லை. ஆனாலும் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், அவள் உள்ளே இருக்கிறாளா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.